ஐரோப்பாவுக்கு ஒரு கண்டனம்

"இது அநியாயம் ஆக்கும்!" என்று பேப்பரை மேஜையில் ஓங்கி அடித்தார் செயலாளர் பொன்னப்பன்.

அமரவிளை உதயம் கிளப்பின் கமிட்டி தலையாட்டியது. தொண்ணூற்றெட்டு உலகக் கோப்பை பார்த்த சூடு யாருக்கும் இன்னும் ஆறவில்லை. அதற்குள் இப்படி ஒரு செய்தி. ஐரோப்பாவின் பெரிய பெரிய கால்பந்து கிளப்புகள் தனியாகப் பிரிந்து, தங்களுக்குள் மட்டும் விளையாட ஒரு லீக் தொடங்க யோசிக்கின்றனவாம். சின்ன கிளப்புகளுக்கு அதில் இடம் கிடையாதாம்.

கடைசி பெஞ்சில் ஒதுங்கி உட்கார்ந்திருந்த ஈசாக்குக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

காஞ்சிரங்குளத்தில் ஒரு சின்ன டீமுக்கு அவன் கேப்டன். கிளப் நடத்தும் கிறிஸ்மஸ் டூர்னமெண்டில் இந்த வருடமும் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்கத்தான் பஸ் ஏறி வந்திருந்தான். போன வருடம் முதல் ஆட்டத்திலேயே ஒன்பது கோல் வாங்கித் திரும்பிய டீம். வேறு எந்த ஊரிலும் கூப்பிடுவதில்லை. "இங்கயும் இல்லன்னா, பின்னே டீமு எதுக்கு அண்ணா?" என்று பையன்கள் கேட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள்.

சின்னவர்களுக்காக இப்படித் துடிக்கிற மனிதர்களிடம் கேட்க என்ன தயக்கம்?

"பணம் உண்டுன்னா எதுவும் செய்யலாம்னு நெனப்பு," என்றார் தலைவர் தாணுமாலயன் சார். ரிட்டயர்டான வாத்தியார். "சின்ன டீமு பெரிய டீமுகூட களிச்சு, வெளையாடித்தானே வளரணும்? கதவ அடைச்சா அவன் எங்க போவான்?"

ஈசாக்குக்கு எழுந்து போய் சாரின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அவனுக்க களி, அவனுக்க இஷ்டம்," என்று ஒரு குரல் குறுக்கே வந்தது.

கமிட்டி மெம்பர் விஜயதாஸ். ரப்பர் ஷீட் வியாபாரி. ஜன்னலோரம் சாய்ந்து காது குடைந்துகொண்டிருந்தார்.

"என்ன ஓய் சொல்லுதீரு?"

"உள்ளதச் சொல்லுதேன். ஒண்ணுக்கும் ஆகாதவன் களிக்கத நான் எதுக்கு உறக்கம் முழிச்சு டிவில காணணும்? பெரியவனும் பெரியவனும் மோதினா அல்லவா களி! இஷ்டம் உள்ளவன் பிரிஞ்சு போகட்டும். கேக்கதுக்கு நாம ஆரு?"

கூட்டம் கொதித்தது. மனுஷத்தன்மை வேண்டும் என்றார் ஒருவர். முதலாளித்துவக் கையாள் என்றார் இன்னொருவர். ஈசாக் மனசுக்குள் நல்ல கெட்ட வார்த்தையாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொன்னான். நம் காரியத்தைக் கெடுக்க இந்த ஆள் ஒருத்தன் போதும் என்று தோன்றியது.

வாயோடு நிறுத்துகிறவர்களா அமரவிளைக்காரர்கள்? அங்கேயே கண்டனத் தீர்மானம் தயாரானது. சிறிய அணிகளைப் புறக்கணிக்கும் ஐரோப்பிய கிளப்புகளை இக்கூட்டம் வன்மையாகக் கண்டிக்கிறது என்று பொன்னப்பன் தொண்டை கட்டும்படி வாசித்தார். விஜயதாஸ் தவிர எல்லாரும் கை தூக்கினார்கள். ஈசாக் மெம்பரே இல்லை. அவனும் தூக்கினான்.

"அடுத்தது நம்ம டூர்னமெண்ட்," என்றார் சார்.

ஈசாக் எழுந்து நின்றான்.

பொன்னப்பன் அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "இந்த வருஷம் நல்ல டீமு மட்டும் போரும்னு ஒரு அபிப்பிராயம் உண்டு. நெய்யாற்றின்கரை, காட்டாக்கடை, பாறசாலை... அப்பிடி."

"அண்ணா, எங்க டீமு..."

"தப்பா நினைக்கப்பிடாது மக்கா. போன வட்டம் உங்க களி பாதியிலேயே ஆளுவ எழும்பிப் போயிட்டாவ. டூர்னமெண்டுக்குத் தரம்னு ஒண்ணு உண்டு இல்லியா?"

"வருஷம் பூரா பழகியிருக்கோம் அண்ணா. ஒரே ஒரு களி தந்தா போரும்."

"இன்னும் நல்லா பழகுங்க," என்றார் தாணுமாலயன் சார் கனிவாக. "பெரிய டீமு ஆன பொறவு வாங்க. நாங்க எங்க போறோம்?"

நல்ல டீம் மட்டும் போதும் என்பதற்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னார்கள். சற்றுமுன் ஐரோப்பாவுக்கு எதிராக எழுந்த கைகளில் ஈசாக்கின் கை தவிர அத்தனையும் எழுந்தன.

ஈசாக் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினான். பையன்களிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"எதிர்ப்பு உண்டா?" சம்பிரதாயத்துக்குக் கேட்டார் சார்.

"உண்டு," என்றார் விஜயதாஸ்.

"நீரா? இப்பத்தானே பெரியவனுக்கு வக்காலத்து வாங்கினீரு?"

"இஷ்டம் உள்ளவன் பிரிஞ்சு போகட்டும்னு சொன்னேன். இப்ப எனக்கு இஷ்டம். நான் பிரிஞ்சு போறேன்."

"போவும். ஆரு பிடிச்சு வச்சிருக்கா?" பொன்னப்பன் சிரித்தார்.

"எனக்க விளையையும் கொண்டு போறேன்."

சிரிப்பு நின்றது. வருடாவருடம் மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிய பிறகு அடுத்த நடவு செய்யாமல், கிறிஸ்மஸ் முடியும்வரை டூர்னமெண்டுக்காக விஜயதாஸ் சும்மா போட்டுவைக்கிற நிலம் அது. அமரவிளையில் பந்து உருள வேறு இடம் கிடையாது.

"விஜயதாஸே, அது வந்து..." சாரின் குரல் இறங்கியது.

விஜயதாஸ் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒற்றைச் செருப்போடு நின்ற ஈசாக்கைக் கை தட்டிக் கூப்பிட்டார்.

"எலே மக்கா, இங்க வா. புது டூர்னமெண்டுக்கு முதல் டீமு உனக்கது. பின்னே, இவங்க டீமும் வந்து கேட்டா, சேக்கலாமா வேண்டாமான்னு நீ சொல்லு."