வாசித்துக் காட்டும் வழக்கம்

ஒரு வாரப் பத்திரிகையின் குற்றச் செய்தியாளர் தவசிமுத்துவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாரைப் பற்றித் துப்புத் துலக்கி எழுதினாரோ, அச்சுக்குப் போகுமுன் அந்த ஆளுக்கே போன் போட்டு முழுச் செய்தியையும் வாசித்துக் காட்டுவார். "தப்பு இருந்தா சொல்லுங்கண்ணே, திருத்திடுறேன்." இருபது வருடத்தில் மிரட்டியவர்கள் உண்டு, அழுதவர்கள் உண்டு, ஒரு தப்பைக் காட்டியவர் எவரும் இல்லை.

"கொலைகாரனுக்குப் போய் எதுக்கு சார் முன்கூட்டியே சொல்றீங்க?" என்று உதவி ஆசிரியை ரெஜினா எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறாள்.

"முதுகுக்குப் பின்னால பேச இதென்ன புறணியா, தாயி?" என்று சிரிப்பார்.

ஆற்று மணல் கொள்ளையைப் பற்றி எழுதி, அதை நடத்திய மணல் முதலாளிக்கு வாசித்துக் காட்டிய மறுநாள் காலை, அலுவலக வாசலிலேயே அவரை வெட்டிச் சாய்த்தார்கள்.

அடக்கம் முடிந்த கையோடு ரெஜினா அலுவலகத்துக்கு வந்தாள். மணல் செய்தியின் கடைசியில் அவருடைய கொலையையும் சேர்த்து எழுதினாள். பிறகு அவர் மேசையில் உட்கார்ந்து, அதிலிருந்த போனிலேயே மணல் முதலாளியின் எண்ணை அழுத்தினாள். முதலாளியே எடுத்தார். ஒரு வரி விடாமல், நிதானமாக வாசித்து முடித்தாள்.

"தப்பு இருந்தா சொல்லுங்கண்ணே, திருத்திடுறேன்."

அவள் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.