பாப்பம்மா வீட்டு மல்லித் தண்ணி

உபதேசியார் வேதமுத்து தம்ளரை வாயருகே கொண்டுபோனார். லேசாக இருமினார். அதற்குள் பின்னால் நின்ற அவர் மனைவி ராகேல் எட்டித் தம்ளரைப் பிடுங்கி, மல்லித் தண்ணியை வாசலில் கொட்டிவிட்டாள்.

"அவருக்கு இதெல்லாம் ஆகாது" என்று சொல்லி, வீட்டிலிருந்து கொண்டுவந்த செம்பை நீட்டினாள். "இதைக் குடிங்க."

பாப்பம்மாவுக்கு முகம் செத்துப்போனது. உபதேசியார் வருகிறார் என்று அந்தப் பித்தளைத் தம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை சிவந்திருந்தது. தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளில் அவள் கீழ் லயத்துக்காரி. மேல் லயத்துச் சாதிக்காரர்கள் அவள் வாசலை மிதிக்கவே மாட்டார்கள்.

கண்டிச் சீமையில் கடுகண்ணாவைக்கு மேலே இருந்த அந்தக் கோப்பித் தோட்டத்துக்கு, எல்லோரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு வந்த முதல் ஆள் வேதமுத்துதான். மேல்சாதியில் பிறந்தவர், சொன்னதோடு நிற்காமல் கீழ் லயத்தில் வீடு வீடாக நுழைந்து உட்கார்ந்தார். கொடுத்ததை இரண்டு கையாலும் வாங்கினார். சனம் உருகிப்போயிற்று. ஆனால் ஒரு வாய்கூட உள்ளே போகவிடாமல், ஒவ்வொரு வீட்டிலும் அந்த அம்மா பிடுங்கிக் கொட்டிக்கொண்டே வந்தாள்.

"மன்னிச்சுக்க பாப்பம்மா" என்றார் உபதேசியார். "அவ இன்னும் பழைய மனுஷிதான். தினமும் அவளுக்காக ஜெபம் பண்றேன்."

ராகேல் காலித் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனாள்.

புருஷனும் பெண்சாதியும் ஒருவருக்காக ஒருவர் தன்னையே கொடுக்க வேண்டும் என்று அந்த வாரம் அவர் பிரசங்கம் பண்ணினார். கீழ் லயத்துப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இப்படி ஒரு பெண்சாதியைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறாரே, பாவம் மனுஷன் என்று எல்லோருக்கும் அவர்மேல்தான் இரக்கம்.

பாப்பம்மாவும் இன்னும் சில குடும்பங்களும் ஞானஸ்நானம் எடுப்பதாக இருந்தது. கண்டியிலிருந்து பாதிரியார் குதிரையில் வந்து இறங்கியபோது, தனக்கு வேண்டாம் என்று பாப்பம்மா சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டார். அவளும் ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தாள்.

கோப்பி காயப்போடும் முற்றத்தில், எல்லோர் முன்னாலும் பாதிரியார் ராகேலைக் கூப்பிட்டு விசாரித்தார். இது சாதிக் குணமா என்று கேட்டார். யாராவது சொல்லிச் செய்கிறாயா என்றும் கேட்டார்.

ராகேல் புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு இருமினார்.

"யாரும் சொல்லலைங்க ஐயா" என்றாள். "என் மனசுதான் எடங் குடுக்கல."

மனம் திரும்பும்வரை அவள் அக்கரையில் சொந்த ஊரிலேயே போய் இருக்கட்டும், சபைக்கு நடுவில் இப்படி ஒருத்தி வேண்டாம் என்று பாதிரியார் தீர்ப்புச் சொன்னார். வேதமுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தங்கியிருப்பாள். அவர் இரண்டு வார்த்தை சொன்னார்.

"கர்த்தருடைய சித்தம்."

கோப்பிப் பழ சீசன் முடிந்து ஊர் திரும்பும் ஆட்களோடு அவளை அனுப்பினார்கள். மாத்தளை தாண்டி, காட்டுக்குள்ளே மன்னார் வரைக்கும் நடை, அங்கிருந்து தோணி. அந்தப் பாதையில் போகிறவர்கள் எல்லோரும் ஊர் போய்ச் சேருவதில்லை. வாந்திபேதி எத்தனை பேரை வழியிலேயே வைத்துக்கொண்டது என்பது லயத்துக்குத் தெரியும். தெரிந்தும் யாரும் அவளுக்காக வாய் திறக்கவில்லை. அவளுக்கு வேண்டியதுதான் என்று இருந்தார்கள்.

துணி மூட்டையோடு போனவள் பாப்பம்மா வீட்டு வாசலில் நின்றாள்.

"மல்லித் தண்ணி இருந்தா ஒரு வாய் குடு."

குத்திக்காட்டத்தான் கேட்கிறாள் என்று நினைத்தாள் பாப்பம்மா. வேண்டுமென்றே பழைய தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி நீட்டினாள். ராகேல் அதை வாயில் வைத்து, அடிமண்டி வரைக்கும் குடித்தாள்.

"ஞானஸ்நானத்தை மட்டும் விட்டுறாத" என்றாள். "எங்க ரெண்டு பேரையும் பாத்து அதை வேணாம்னுறாத. அது எங்க வீட்டுச் சொத்தில்ல."

சிரட்டையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். பாப்பம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தடையாக இருந்தவள்தான் தொலைந்தாளே என்று, பாதிரியார் மறுபடி வந்த ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள்.

மறுநாளே உபதேசியார் அவள் வீட்டுக்கு வந்தார். பாப்பம்மா அதே பித்தளைத் தம்ளரை மறுபடியும் தேய்த்து வைத்திருந்தாள். வெல்லம் கூடுதலாகப் போட்டிருந்தாள். இன்றைக்குப் பிடுங்கிக் கொட்ட யாருமில்லை என்று அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார். தம்ளரை வாயருகே கொண்டுபோனார்.

லேசாக இருமினார்.

பின்னால் திரும்பிப் பார்த்தார். தம்ளர் அப்படியே நின்றது. மறுபடியும் இருமினார், கொஞ்சம் பலமாக.

பாப்பம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த வீட்டில் கேட்ட இருமல் நினைவுக்கு வந்தது. முற்றத்தில் கேட்ட இருமலும் வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் இருமிய பிறகுதான் அந்த அம்மாவின் கை நீண்டது, வாய் திறந்தது. அவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டவளை மன்னார்க் காட்டுக்கு அனுப்பி வைத்தது தன் வாய்தான் என்பதும் சேர்ந்தே உறைத்தது.

தம்ளருக்காகக் கையை நீட்டினாள்.

"அம்மாதான் இல்லைங்களே ஐயா. குடுங்க, நானே கொட்டிர்றேன்."