பத்துக்குப் பத்து

ஏற்றுமதி ஆர்டர் குறைந்து சிவராஜுக்குத் திருப்பூர் கம்பெனியில் வேலை போயிருந்தது. மனைவி சித்ரகலாவும் கோபித்துக்கொண்டு சோமனூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

பழைய கம்ப்யூட்டரைத் திறந்தான். புத்தகம் பார்த்துத் தானே கற்று முதன்முதலில் எழுதிய ஜாதகப் பொருத்த புரோகிராம் அதில் இருந்தது. அன்று கம்ப்யூட்டரையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், மாமனாருக்குத் திரையில் காட்டித்தான் பெண் கேட்டான். இப்போது அதைப் படிக்கப் படிக்க உடம்பு கூசியது. முழுக்கத் திருத்தி எழுதிவிட்டு அவளுக்குப் போன் போட்டான்.

"கலா, பழைய புரோகிராம்ல சின்ன தப்பு. இப்ப ஒழுங்கா எழுதிட்டேன். நெசமாவே ஏழு பொருத்தம் வருது. ஊட்டுக்கு வந்துரு கண்ணு."

"பழசுல யாரைப் போட்டாலும் பத்துதானுங்களே வரும்?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"அன்னிக்கு நீங்க சாப்பிடப் போனப்ப, எங்கப்பாவோட நட்சத்திரத்தைப் போட்டுப் பாத்தனுங்க. உங்களுக்கும் அவருக்கும் பத்துக்குப் பத்து."

"தெரிஞ்சுமா கட்டிக்கிட்டே?"

"எங்கப்பாகிட்ட காட்டறப்ப உங்க கை அந்த நடுக்கம் நடுங்குச்சு. பொய் சொல்ல வராத மனுசன்னு நம்பித்தான் கழுத்தை நீட்டுனனுங்க."

சிவராஜுக்குச் சிரிப்பு வந்தது.

"வேலை போனதைச் சொல்லாம, ரெண்டு மாசமா டிபன் பாக்ஸைத் தூக்கிட்டுக் கம்பெனிக்குக் கெளம்பற மாதிரியே கெளம்புனீங்களே... ஒருநாளாச்சும் கை நடுங்குச்சுங்களா?"