பசை இறுகும் வரை

"பாத்ரூம் போகணும் மேடம்."

சொல்லிவிட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே கடை முதலாளி ரெஜின் சார் எச்சரித்தது ஒன்றே ஒன்றுதான். போகிற வீட்டில் அதை மட்டும் கேட்கக் கூடாது. மீன் தொட்டி விரிசல் விட்டால்கூடப் பேசிச் சமாளித்துவிடலாம். அதைக் கேட்டால் அடுத்த முறை வேறு கடைக்காரனைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அவள் ஸ்டூல் மேல் நின்றிருந்தாள். இரண்டு கைகளும் தோள்வரை தொட்டிக்குள். ஒரு கையில் உயிருள்ள பவளம். மறு கையில் பாறை. நடுவில் பிசைந்து அப்பிய பசை, இன்னும் மாவாகத்தான் இருந்தது.

கையை எடுத்தால் விழும். விழுந்தால் கிளை ஒடியும்.

பிசைவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். தைரியம் பிசைந்த பிறகுதான் வந்தது.

தைரியம் இல்லை. அடிவயிறு.

காலையிலிருந்து ஒரு மிடறு குடிக்கவில்லை. நிரப்பிக்கொண்டு வந்த பாட்டில் பையில் அப்படியே இருந்தது. அப்படியும்.

மேடம் சோபாவிலிருந்து நிமிர்ந்தாள். முகம் சுளிக்கவில்லை. அன்பாகவே சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

"கீழ டிரைவருங்க போற இடம் இருக்கு பாரும்மா. வாட்ச்மேன் ரூம் பக்கத்துல."

"அங்க தாழ்ப்பாள் இல்ல மேடம்."

மேடம் போனை எடுத்தாள்.

சொட். சொட்.

இன்னொரு பவளம் கீழே பக்கெட்டில் காத்திருந்தது. தொட்டித் தண்ணீர் மெல்லிய குழாய் வழியாக அதில் சொட்டிக்கொண்டிருந்தது. விமானத்தில் வந்த பைத் தண்ணீரிலிருந்து இந்த வீட்டுத் தண்ணீருக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக வேண்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இவ்வளவு நேரமும் நிற்கிறாள்.

அதற்காக ஹாலில் பாதி விளக்கை அணைத்திருந்தார்கள். சமையல்கார அக்காவை மிக்ஸி போடக்கூட விடவில்லை.

"பாவம், புது இடம். பயந்துடும்" என்றிருந்தாள் மேடம்.

அவள் அம்மா பாம்பனிலிருந்து தீவுகளுக்குக் கடல்பாசி எடுக்கப் போகிறவள். கால் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பளவு கடலில், இதே பவளத்தின் மேல் நிற்பவள். அவர்கள் அதை முருகைக்கல் என்பார்கள். காலைக் கிழிக்கிற கல்.

கல்லூரிக்கு பஸ் ஏற்றிவிட்ட அன்று அம்மா சொன்னாள்.

"நீ நிழல்ல நின்னு வேலை பாக்கணும்டி. எனக்கென்ன, கடலுக்குள்ள நிக்கிறவ. அவசரம்னா எவன்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல."

வழியனுப்ப வந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

கடல் உயிரியல் படித்தாள். வீட்டில் முதல் பட்டம்.

இப்போது நிழலில்தான் நிற்கிறாள்.

மேடம் போனை அவள் காதில் வைத்தாள். கையை வெளியே எடுக்க வேண்டாமே என்று தானே பிடித்துக்கொண்டாள்.

ரெஜின் சார்.

"ஏம்மா, கொஞ்ச நேரம் அடக்க முடியாதா? படிச்ச பொண்ணுதான நீ?"

அவருக்குப் பின்னால், கடையில், யாரோ சிரிப்பது கேட்டது.

படித்தாள். அடக்குவதற்காகப் படிக்கவில்லை. பவளம் சாய்ந்துவிடும் போலிருந்தது, விரல்களை இறுக்கினாள்.

மேடம் போனை வைத்துவிட்டுத் தொட்டிக்கு அருகில் வந்தாள்.

"இன்னும் கொஞ்சம் மேல வைக்க முடியுமா? சோபால உக்காந்தா தெரியற மாதிரி?"

"மேல வெளிச்சம் ஜாஸ்தி மேடம். வந்த உடனே தாங்காது, வெளுத்துடும். கீழ வெச்சுப் பழக்கிட்டுத்தான் ஏத்தணும்."

"ஐயோ, அப்ப வேணாம் வேணாம். அதுக்கு எங்க வசதியோ அங்கயே இருக்கட்டும்."

சொட்.

ஹாலின் மறு கோடியில் ஒரு கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே வெள்ளை ஓடு. மடித்து வைத்த துண்டு.

ஸ்டூலிலிருந்து பார்க்க நன்றாகத் தெரிந்தது.

அவள் காத்திருந்தாள். பசை பிசைவதற்கு முன் பலமுறை கைகளை உள்ளே விட்டு வெளியே எடுத்ததில் சட்டை நனைந்திருந்தது. பேண்ட் நனைந்திருந்தது. ஸ்டூலைச் சுற்றித் தரையெல்லாம் உப்புத் தண்ணீர்.

பவளத்தை மெல்ல அசைத்துப் பார்த்தாள்.

அசையவில்லை. பாறையோடு பாறையாக நின்றுவிட்டது.

இனி கீழே போகலாம். தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். போன முறை அப்படித்தான். கதவுக்கு வெளியே ஒருவன் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். நாளைக்கு வேறொரு வீடு. அங்கேயும் ஒரு 'கீழே' இருக்கும்.

அவள் அடக்குவதை விட்டாள்.

நின்றபடியே. கைகள் உப்பு நீருக்குள் இருக்க. அம்மா நிற்பதைப் போல.

வெதுவெதுப்பாக இறங்கியது. முழங்கால். கணுக்கால். தரை.

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

இறங்கினாள். பக்கெட்டுக்குப் போகும் குழாயைத் திருகி மூடினாள். அந்தப் பவளத்தின் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அதை ரெஜின் சார் வந்து ஒட்டிக்கொள்ளட்டும்.

பையைத் தோளில் மாட்டினாள்.

"தண்ணி நிறையக் கொட்டியிருக்கு பாரு. துடைச்சிட்டுப் போம்மா."

அவள் தரையைப் பார்த்தாள். மேடத்தைப் பார்த்தாள்.

வேலைக்காரர்களுக்கான லிஃப்ட் சமையலறைப் பக்கம் இருந்தது. அவள் முன்வாசல் வழியாக வெளியே வந்தாள். ஈரச் செருப்பு வாசல்வரை தடம் பதித்தது.

லிஃப்டின் பொத்தானை அழுத்தினாள்.

பாட்டிலைத் திறந்தாள். லிஃப்ட் வருவதற்குள், நிறுத்தாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.