ஊனம் ரத்து

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று முற்பகல் பதினொன்று நாற்பதுக்கு அவளுடைய இடது கால் குணமாகிவிட்டது.

வைத்தியர் யாரும் தொடவில்லை. தொட்டது ஒரு ரப்பர் ஸ்டாம்ப்.

மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து சூம்பிய கால். ஐம்பத்தேழு வருஷமாக எந்தச் சாமிக்கும், எந்த எண்ணெய்க்கும் மசியாதது. எழுத்தர் தனசிங் ஒரே குத்தில் சரிசெய்துவிட்டார்.

குற்றம் அவளுடையதுதான். அறுபது வயதாகித் தொலைத்தாள். அறுபதானால் ஊனமுற்றோர் பணம் நிற்கும். இனி முதியோர் பணம்தான்.

"ஒரு ஆளுக்கு ஒண்ணுதாம்மா. ஊனம், இல்லன்னா வயசு. ரெண்டையும் வச்சுக்கிட முடியாது."

"ரெண்டும் எனக்குத்தான சார் வந்திருக்கு?"

தனசிங் சிரித்தார். நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே அவளுடைய நீல நிற ஊனமுற்றோர் அட்டையை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

பதிவேட்டில் 'ஊன உதவித்தொகை ரத்து' என்று எழுத வேண்டும். கட்டம் சின்னது.

'ஊனம் ரத்து' என்று எழுதி ஸ்டாம்ப் குத்தினார்.

"முதியோர் பிரிவு ரெண்டாவது மாடி. இன்னைக்குத்தான் கடைசி நாள். ஒரு மணிக்குள்ள நேர்ல போயி ரேகை வச்சிருங்க. விட்டா அதுவும் இல்ல, இதுவும் இல்ல."

கக்கத்துக் கட்டையை ஊன்றி லிஃப்ட்டுக்கு வந்தாள். அது கீழே இறங்கி வர அரை மணி ஆயிற்று.

லிஃப்ட் வாசலில் காவலாள் சுடலை. உயிரோடு இருப்பதை நிரூபிக்க அவள் வருஷா வருஷம் மாடிக்குப் போகும்போதெல்லாம் கதவைப் பிடித்துக்கொள்கிறவன். இன்றும் பிடித்துக்கொண்டான்.

அவன் தலைக்கு மேலே பலகை.

மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும். அட்டையைக் காண்பிக்கவும்.

"அட்டைய எடுங்கக்கா."

"உள்ள வாங்கிட்டாங்கப்பா."

சுடலை அவள் காலைப் பார்த்தான். பிறகு கூரை மூலையைப் பார்த்தான்.

"கேமரா இருக்குக்கா."

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். கையை எடுத்தான். கதவு மூடிக்கொண்டது.

லிஃப்ட் காலியாக மேலே போனது.

பன்னிரண்டு இருபது.

அவள் மாடிப்படிக்குத் திரும்பினாள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அரசாங்கம் குணமாக்கிய காலை முதல் படியில் வைக்கப் பார்த்தாள்.

கால் வரவில்லை.