வெளியே பூட்டிய வீடு

முதலில் பையைத்தான் எறிந்தேன். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கொல்லைச் சுவரில் காலைத் தூக்கி வைத்தேன். உச்சிவெயில், ஆள் நடமாட்டம் இல்லை, முன்வாசலில் பெரிய பூட்டு தொங்குகிறது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

ஏறிவிட்டேன், இறங்கத்தான் வரவில்லை. ஐம்பத்தேழு வயதில் ஒரு கணக்கு வாத்தியார் தொந்தியோடு சுவர்மேல் உட்கார்ந்திருந்ததை மாணவன் எவனாவது பார்த்திருந்தால், அரையாண்டு லீவு முடிந்து நான் பள்ளிக்கூடம் போயிருக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு குதித்தேன். நான் வந்துவிட்டேன், வேட்டி மேலேயே நின்றுவிட்டது.

திருட வந்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். அது என் சொந்த வீடு. முன்கதவைப் பூட்டியதும் நான்தான், கொல்லைக் கதவைத் திறந்து வைத்ததும் நான்தான்.

என் மனைவி மணிமேகலை, துபாயிலிருந்து வந்திருக்கும் தம்பியைப் பார்க்க அறந்தாங்கி போயிருந்தாள். பேப்பர் திருத்த வேண்டும், வரவில்லை என்று அவளிடம் சொன்னேன். நானும் அறந்தாங்கி போகிறேன் என்று தெருவில் சொன்னேன். இந்த இரண்டு பொய்களுக்கும் நடுவில் ஒரு வாரம் நிம்மதியாக வீட்டில் கிடப்பதாகத் திட்டம்.

கிறிஸ்துமஸ் வந்தால் தெருவில் எனக்கு ஓய்வே கிடையாது. பக்கத்து வீட்டு ஆனந்தராஜ், வருஷா வருஷம் தெருவுக்கே பிரியாணி போடுகிறவர். ஸ்டார் கட்டுவதிலிருந்து அடுப்பு மூட்டுவதுவரை நான்தான் கூடவே நின்று சொல்லியாக வேண்டும். போன வருஷம் அரிசிக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதத்தைச் சமையல்காரருக்கு விளக்கி முடிக்கவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. தொண்டை சரியாக ஒரு வாரம் ஆனது.

ஆனால் ஆனந்தராஜ் தங்கமான மனுஷர். ஊருக்குப் போகிறேன் என்றதும் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இலுப்பூர் பஸ் ஸ்டாண்டில் சீட் பிடித்து என்னை உட்கார வைத்து, பஸ் நகரும்வரை ஜன்னலை விட்டு அங்கிட்டு இங்கிட்டு அசையவில்லை.

“அவசரப்பட்டு வந்துறாதீங்க சார். வீட்ட நாங்க பாத்துக்கிறோம்” என்றார்.

இப்படிப்பட்ட மனுஷரிடமா பொய் சொன்னோம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, கண்மாய்க் கரையோடு மூன்று கிலோமீட்டர் நடந்து வந்துதான் அந்தச் சுவரைத் தாண்டினேன்.

முதல் நாள் உண்மையிலேயே சுகமாக இருந்தது. விளக்குப் போடவில்லை, டிவி போடவில்லை. பிரெட்டும் பழமும் தின்றுவிட்டுக் கட்டிலில் கிடந்தேன். கடிகாரம் ஓடுகிற சத்தத்தை அந்த வீட்டில் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். மனசு அப்படி லேசாக இருந்தது.

சாயங்காலம்தான் சிக்கல் ஆரம்பித்தது. நான் எவ்வளவு அமைதியாக இருக்கிறேன் என்பதை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும்போல இருந்தது. மணிமேகலை போன் பண்ணியபோது குசுகுசுவென்று பேசினேன். தொண்டைக்கு மிளகுக் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். சுவரில் இருந்த பல்லியிடம் தனிமையின் அருமையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அது நகர்ந்து டியூப் லைட்டுக்குப் பின்னால் போய்விட்டது.

மறுநாள் கிறிஸ்துமஸ். பதினோரு மணிக்கு வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டு ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தேன். வழக்கமாகத் தெருக்கோடியில் போடும் பந்தலை இந்த வருஷம் என் வீட்டு வாசலிலேயே, வேப்பமரத்தடியில் போட்டிருந்தார்கள். பிரியாணி வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. கையில் காய்ந்த பிரெட்.

தெருவே அங்கேதான் இருந்தது. ஆளாளுக்குப் பேசிக்கொண்டும் ஒருத்தர் தோளில் ஒருத்தர் தட்டிச் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். அவர்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ‘இவர்களை விட்டுவிட்டு என்னடா பெரிய நிம்மதி உனக்கு, மடையா’ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

முடிவு பண்ணிவிட்டேன். மறுபடி சுவரேறிக் குதித்து, தெருவைச் சுற்றி வந்து, ‘மனசு கேக்கல, பஸ் ஏறி வந்துட்டேன்’ என்று நின்றுவிட வேண்டியதுதான். பிரியாணிக்கு இன்னும் தம் போடவில்லை, தண்ணீர் அளவையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். சட்டையை மாட்டிக்கொண்டு பையைத் தூக்கினேன்.

அப்போது ஆனந்தராஜின் குரல் கேட்டது. எல்லாரும் எழுந்து நிற்கும்படி சொல்லிவிட்டு ஜெபத்தை ஆரம்பித்தார். ஜெபத்துக்கு நடுவில் போகக்கூடாது என்று நானும் ஜன்னலோரம் நின்றேன். பாலன் பிறப்புக்கு நன்றி சொன்னார், சமைக்கிறவர்களுக்கும் தெருப் பிள்ளைகளுக்கும் ஆசி கேட்டார்.

“இந்த நேரத்துல நம்ம சாரையும் நெனச்சுப் பாக்குறோம், ஆண்டவரே” என்றார்.

நெற்றி நிறையத் திருநீறு பூசும் எதிர்வீட்டு ஆவுடையப்பன், அவர்தான் முதல் ஆளாக ‘ஆமென்’ என்றார். என் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ஊரில் இல்லாத என்னையும் சாப்பாட்டுக்கு முன்னால் நினைக்கிற இந்த ஜனங்களை விட்டா ஒளிந்து கிடக்கிறேன்? சுவரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஜன்னலைத் திறந்து கூப்பிட்டுவிடுவோம் என்று கொக்கியில் கை வைத்தேன்.

ஆனந்தராஜுக்கும் குரல் தழுதழுத்தது.

“ஒரு வருஷமா இந்தத் தெருவே கேட்ட அமைதிய இன்னைக்குத்தான் குடுத்திருக்கீரு, பொங்கல் வரைக்கும் அவர அங்கயே வச்சிரும், ஆண்டவரே.”