பெட்டியோடு வந்தவர்கள்

“படம் பாக்கப் போலாம், கெளம்பு” என்று பேச்சியம்மாள் கூப்பிட்டபோது ராஜம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மாமியார் முகம் கொடுத்துப் பேசியே இரண்டு வாரமாகிறது. கணவன் மூர்த்திக்குச் சிங்கப்பூர் ஆபீஸ் ஒன்றில் கிராணி வேலை கிடைத்ததிலிருந்து ஒரே பாட்டு: “எம்மகன் இந்தக் குளுவாங் ஊரை விட்டு எங்கயும் வரமாட்டான்.” திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

மத்தியானக் காட்சி. தகரக் கூரையில் மழை. சுருட்டுப் புகை வெளிச்சத்தில் மேகமாய் மிதந்தது.

ஊமைப்படம். திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லும் ஐயாசாமிக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாம்.

“நீதான் கான்வென்டுல படிச்சவளாச்சே. திரையில இங்கிலீசு எழுத்து வந்தா படிச்சுச் சொல்லு.”

திரையில் குண்டு வெள்ளைக்காரக் கிழவியும் ஒல்லி மருமகளும் மகனை ஆளுக்கொரு கை பிடித்து இழுத்தார்கள். சட்டை இரண்டாகக் கிழிந்தது. கொட்டகையே சிரித்தது. மகனும் மருமகளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டணம் போனார்கள். கடைசியில் அதே பெட்டியோடு வந்து கிழவியைக் கட்டிக்கொண்டார்கள்.

எழுத்து வந்தது: ‘பட்டணம் போதும், அம்மா. இனி உங்களை விட்டுப் போகமாட்டோம்.’

“என்ன போட்டிருக்கான்?”

ராஜம்மாவுக்குத் திரை கலங்கியது. அங்கே நிற்பது தானும் மூர்த்தியும். பின்னால் சிங்கப்பூர்க் கடற்பாலத்தில் ரயில் ஒன்று சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது, அவர்களை விட்டுவிட்டு.

“லீவுக்கு வந்திருக்காங்க அத்தை. பெட்டி நிறைய அம்மாவுக்குத்தான் சாமானாம். மாசாமாசம் வருவாங்களாம்.”

“கெழவி என்ன சொல்றா?”

“போகவிட்டதே நல்லதாப் போச்சுங்கிறாங்க.”

கன்னியாஸ்திரிகள் கேட்டிருந்தால் முட்டி போட வைத்திருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவளிடம் இப்படியா புளுகுவது?

படம் முடிந்தும் பேச்சியம்மாள் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“திங்கக்கிழமை ரயிலுக்குப் போகச் சொல்லு அவனை. நீயும் கூடப் போ.”

வாசலில் சீட்டுக் கிழிக்கும் சுப்ஹான் வழிமறித்தான்.

“என்னக்கா, நேத்து ஐயாசாமி கதை சொல்லச் சொல்ல ஒண்ணு விடாம கேட்டீங்க. இதை எம்மருமகளுக்குக் காட்டியே ஆகணும்னீங்க. காட்டியாச்சா?”

ராஜம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பேச்சியம்மாள் குடையை விரித்து மருமகள் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

“நேத்து முடிவு வேற மாதிரி இருந்துச்சு தம்பி. இதுவே இருக்கட்டும்.”